அயலவர் வீட்டுத் திறப்பு

தொழில் பக்கம்: நாய் நடத்துதலும் செல்லப்பிராணி பராமரிப்பும்



வீட்டுச் சமையல் தொழில் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த ஸ்காபரோ வாசகி ஒருவர் எமக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர். அந்த முதியவரின் அயலவரான ஒரு பெண்மணி, "மத்தியானத்தில் எனது நாயை அரை மணித்தியாலம் நடத்திவிட முடியுமா? காசு தருகிறேன்" என்று கேட்டாராம். வாசகிக்கு விருப்பம். கணவருக்கு விருப்பமில்லை. "நாய் மேய்க்கவோ இவ்வளவு கஷ்டப்பட்டுக் கனடாவுக்கு வந்தனாங்கள்? ஊரில தெரிஞ்சால் என்ன நினைப்பினம்?" என்று பேசுகிறாராம். "அண்ணை, நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்கோ" என்று கடிதம் முடிகிறது.

வீட்டு ஞாயத்தை வீட்டில் இருவரும் இருந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் தொழிலைப் பற்றித் தெரிந்ததை எழுதலாம். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கும் என்பதால் இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

மானம் பற்றி ஒரு வார்த்தை

எமது ஊரில் நாய்க்கு இடம் வளவுக்குள். படலையடியில் கிடக்கும், மிஞ்சிய சோற்றைத் தின்னும், இரவில் ஆள் நடமாட்டம் கண்டால் குரைக்கும். சுற்றிவளைப்புக் காலங்களில் தூரத்து நாய் குரைப்பதைக் கேட்டுப் பாயில் எழுந்து உட்கார்ந்தவர்கள் எம்மில் பலர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது வாசலில் நின்ற நாயைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அப்படி வந்தவர்களுக்கு, ஒருவர் காசு கொடுத்துத் தன் நாயை நடத்துவிப்பது விசித்திரமாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் இங்கே நாய் வாழும் விதம் வேறு. வளவு இல்லை, தொடர்மாடியின் பதினைந்தாம் தட்டில் இருக்கிறது. வீட்டார் காலையில் போனால் மாலையில்தான் வருவார்கள். இடையில் யாராவது கீழே கொண்டுபோனால்தான் அது ஒன்றுக்குப் போகலாம். 2020 இன் பெருந்தொற்று முடக்கத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தபோது நாய் வாங்கியவர்கள், அலுவலகம் திரும்பிய பின் மத்தியானத்துக்கு ஆள் தேட வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் பிறக்கும் வேலைதான் இது.

இதைத் தொழிலாக்கியவர்களும் சாதாரண ஆட்கள் அல்லர். நியூயோர்க்கில் ஜிம் பக் என்பவர் 1960 களின் ஆரம்பத்தில் ஒரு மின்னணுக் கம்பனியின் விற்பனைப் பொறியியலாளர் வேலையை விட்டுவிட்டு நாய் நடத்தப் போனார். 2013 இல் அவர் காலமானபோது, அமெரிக்காவில் இதை முறையான தொழிலாக்கிய முதல் ஆள் என்று பத்திரிகைகள் எழுதின. வட கரோலினாவில் பற்றி மொரன் என்ற பெண்மணி 1980 களில் செல்லப்பிராணி பராமரிப்புத் தொழிலைத் தொடங்கி, 1987 இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதி, 1994 இல் இத்தொழில் செய்வோருக்கான சர்வதேசச் சங்கம் ஒன்றையும் நிறுவினார். ஆகவே இது இரக்கப்பட்டுக் கொடுக்கும் எடுபிடி வேலை அல்ல. கணக்கும் சட்டமும் ஒழுங்கும் உள்ள தொழில்.

அவர்கள் தருவது திறப்பு

நாயின் சொந்தக்காரர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் நீங்கள் போகிறீர்கள். அப்படியானால் அவர் முதலில் உங்கள் கையில் தருவது தன் வீட்டுத் திறப்பை. நாயின் வாரைப் பிறகுதான் தருகிறார். புதிதாக வந்து, இங்கே ஆளைத் தெரிந்தவர் யாருமில்லாத ஒரு குடும்பத்தை நம்பி ஒருவர் தன் வீட்டைத் திறந்துவிடுகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். இத்தொழில் வளர்வதும் அழிவதும் அந்தத் திறப்பில்தான். நாயோடு எவ்வளவு அன்பாக இருந்தாலும் திறப்பு விடயத்தில் ஒருமுறை தவறினால் அந்தத் தெருவே கைவிட்டுப் போகும்.

ஆகவே சில கட்டுப்பாடுகள். திறப்பில் பெயரோ விலாசமோ எழுதவேண்டாம், உங்களுக்கு மட்டும் விளங்கும் ஓர் இலக்கத்தைக் கட்டிவையுங்கள். எந்த இலக்கம் எந்த வீடு என்ற குறிப்பை வேறிடத்தில் வையுங்கள். திறப்பை வாங்கிய திகதியையும் திருப்பிக் கொடுத்த திகதியையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். பிள்ளைகளையோ சிநேகிதியையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டாம். சொந்தக்காரர் ஊரில் இல்லை என்பதை முகநூலில் போடும் படம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் நடத்தி முடிந்ததும் இரண்டு வரிச் செய்தி அனுப்புங்கள்: எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குப் போகிறேன், நாய் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போனது, தண்ணீர் குடித்தது. கதவைப் பூட்டினேன் என்பதையும் எழுதுங்கள். ஆங்கிலம் பிழையாக இருந்தால் பரவாயில்லை. செய்தி ஒவ்வொரு நாளும் போவதுதான் முக்கியம்.

ஆளைத் தெரியாது என்ற குறையைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பொலிஸ் பதிவுச் சான்றிதழ் எடுத்து வைத்திருப்பது. இரண்டு, செல்லப்பிராணிகளுக்கான முதலுதவி வகுப்பு ஒன்றைப் படித்துச் சான்றிதழ் பெறுவது. மூன்று, மிருகக் காப்பகமொன்றில் சில மாதம் தொண்டராக வேலை செய்வது. 1887 இல் தொடங்கப்பட்ட ரொறன்ரோ ஹியூமேன் சொசையிற்றி தொண்டர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே நாயோடு பழகும் முறையும் கற்கலாம், சிபாரிசுக் கடிதமும் கேட்கலாம். "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

அரை மணித்தியாலச் சொந்தக்காரர்

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். ஒன்ராறியோவில் நாய்ச் சொந்தக்காரரின் பொறுப்புப் பற்றி ஒரு சட்டம் உண்டு. நாய் ஒருவரையோ இன்னொரு வீட்டுப் பிராணியையோ கடித்தால் அதன் சொந்தக்காரர் நட்டஈடு கொடுக்க வேண்டும். "இதுவரை கடித்ததில்லை", "நான் கவனமாகத்தான் பிடித்திருந்தேன்" என்பவை அங்கே எடுபடா. அச்சட்டத்தில் சொந்தக்காரர் என்ற சொல்லுக்குள், நாயைத் தன் கைவசம் வைத்திருப்பவரும் அடங்குவார். 2017 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சிநேகிதரின் பெரிய நாயை நடத்திச் சென்ற ஒரு பெண்ணை அந்த நாயே மோசமாகக் கடித்துவிட்டது. அந்த நேரம் நாய் அவர் கைவசம் இருந்தபடியால் அவரும் சொந்தக்காரரே என்றும், ஆகவே அச்சட்டத்தின் கீழ் அவர் மற்றவரிடம் நட்டஈடு கோர முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது.

அதாவது, வார் உங்கள் கையில் இருக்கும் அந்த அரை மணித்தியாலமும் நாய் உங்களுடையது. வீதியில் ஒரு பிள்ளையைக் கடித்தால் வழக்கு உங்கள் பெயரிலும் வரலாம். பல வருடம் பக்ரறியில் நின்று சேர்த்த காசு ஒரு நாளில் போய்விடலாம். எனவே, "ஒரு நாய்தானே" என்று காப்புறுதி இல்லாமல் தொடங்கவேண்டாம். உங்கள் வீட்டுக் காப்புறுதி பொதுவாகத் தொழிலை உள்ளடக்காது. தொழிலுக்கான பொறுப்புக் காப்புறுதியைத் தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது முகவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: என் பராமரிப்பில் இருக்கும் நாய்க்குக் காயம் பட்டால் பணம் கிடைக்குமா? திறப்புத் தொலைந்து பூட்டு மாற்ற வேண்டி வந்தால் கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாயைக் காரில் ஏற்றுவதானால் கார்க் காப்புறுதிக் கம்பனிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நகரசபை விதிகளும் உண்டு. ரொறன்ரோவில் பொது இடத்தில் வார் 2 மீற்றருக்கு மேல் நீளமாக இருக்கக்கூடாது. அவிழ்த்துவிடுவதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டும் விதிவிலக்கு. நாயின் மலத்தை உடனே அள்ள வேண்டும். அதைப் பச்சைத் தொட்டியில் போடலாம். நகரப் பூங்காக்களில் ஒரே நேரத்தில் 3 நாய்களுக்கு மேல் நடத்துவதற்கு நாய் நடத்துவோருக்கான வணிக அனுமதி வேண்டும், அனுமதி இருந்தாலும் 6 க்கு மேல் கூடாது. ஒரு வீட்டில் 3 நாய்களுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. உங்கள் வீட்டில் வைத்துப் பராமரிக்க நினைப்பவர்கள் இதை மறக்கவேண்டாம். வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதமும் தேவை. ரொறன்ரோவில் 311 ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு இவற்றை உறுதிப்படுத்தலாம். மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் வாசகர்கள் தத்தமது நகரசபையிடம் விசாரியுங்கள். விதிகள் ஊருக்கு ஊர் வேறு.

முதல் சந்திப்பு

காசு பேசுவதற்கு முன் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய் நாயைப் பாருங்கள். சொந்தக்காரரும் கூடவே வர, ஒரு சுற்று நடந்து பாருங்கள். பிறகு ஒரு தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள்: நாயின் வயது, நோய், மருந்து, எதற்குப் பயப்படும், யாரையாவது கடித்திருக்கிறதா, மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கம், சொந்தக்காரர் கிடைக்காவிட்டால் யாரை அழைப்பது, அவசர வைத்தியத்துக்கு எவ்வளவு தொகை வரை அவருடைய கணக்கில் செலவிடலாம். கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுவார்கள். கூச்சப்பட்டால் பின்னர் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டதற்கான அத்தாட்சியையும் பாருங்கள். ஒன்ராறியோவில் 3 மாதத்துக்கு மேற்பட்ட நாய், பூனைகளுக்கு அது கட்டாயம். நாய் யாரையாவது கடித்தால் பொதுச் சுகாதாரப் பகுதி அதை 10 நாள் கண்காணிப்பில் வைக்கச் சொல்லும். ஊரில் விசர்நாய்க்கடியின் பயங்கரத்தைக் கேட்டு வளர்ந்த எமக்கு இதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.

சாப்பாடும் பருவமும்

ஊர்ப் பழக்கத்தில் நாய்க்குச் சோறும் கறியும் குழைத்து வைக்கவேண்டாம். எமது கறியில் உள்ள வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும், சொக்லேற்றும், சைலிற்றோல் என்ற இனிப்புப் போட்ட சுவிங்கமும் அப்படியே. சமைத்த கோழி எலும்பு முறிந்து குடலைக் கிழிக்கும். அவர்கள் வைத்துவிட்டுப் போகும் உணவைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள்.

பனிக்காலத்தில் நடைபாதையில் போடும் உப்பு பாதத்தைப் புண்ணாக்கும். திரும்பி வந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாதங்களைக் கழுவித் துடையுங்கள். காரில் விடும் உறைதடுப்புத் திரவம் இனிப்பானது, நாய் நக்கும். சிறிதளவும் உயிராபத்து. கோடையில் நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுக் கடைக்குள் போகவே கூடாது. ஸ்காபரோவின் ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் நடப்பவர்கள் உண்ணி பற்றிக் கவனமாயிருங்கள். அங்கே லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் உள்ளன. நாயின் உடம்பையும் உங்கள் கால்களையும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். உங்களுக்கும் வழுக்காத சப்பாத்து வேண்டும். பனியில் விழுந்து கை முறிந்தால் சுயதொழில் செய்பவருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர யாரும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம்

கணக்குக்காக அரை மணித்தியால நடைக்கு 20 டொலர் என்று வைப்போம். ஒரு நாளுக்கு 5 வீடு, ஆக 100 டொலர். ஒவ்வொரு வீட்டுக்கும் போக 10 நிமிடம் எடுத்தால் மொத்தம் 200 நிமிடம், மணிக்கு 30 டொலர். அதே 5 வீடும் நகரத்தின் நாலு மூலையிலும் இருந்து, பஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம் எடுத்தால் மொத்தம் 350 நிமிடம், மணிக்கு 17 டொலர் சொச்சம். 2025 ஒக்டோபரில் ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலராயிற்று. பஸ் காசையும் காப்புறுதியையும் கழித்தால் கடையில் காசு வாங்கும் மேசையில் நிற்பதே மேல்.

ஆகவே தூரத்து வாடிக்கையாளர் கூடக் காசு தந்தாலும் ஆசைப்படவேண்டாம். நீங்கள் இருக்கும் தொடர்மாடி, அடுத்த தொடர்மாடி, பக்கத்துத் தெரு என்று ஒரு சிறு வட்டம் கீறுங்கள். முதல் வருடம் அதற்குள் மட்டும் தேடுங்கள். மின்தூக்கிக்குப் பக்கத்து அறிவித்தல் பலகை, மிருக வைத்தியர் கடை, நூலகம் ஆகியவற்றில் அனுமதி கேட்டு ஒரு அட்டை வையுங்கள். ரோவர் போன்ற கைத்தொலைபேசிச் சேவைகள் ஆட்களைப் பிடித்துத் தரும், ஆனால் ஒவ்வொரு வேலையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். தொடக்கத்துக்கு அது உதவலாம். ஆனால் நீடித்து நிற்பது அயலவர் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி வரும் வேலைதான்.

பெருக்கும் வழி

ஓரளவு பழகியதும் பலருக்கு வரும் எண்ணம், ஒரே நேரத்தில் 5 நாயைக் கட்டி இழுத்தால் என்ன என்பது. காசு கூடும், ஆபத்தும் கூடும். ஒரு நாய் இழுத்தால் மற்ற நாலும் இழுக்கும். அதைவிட அதே வட்டத்தில், அதே திறப்போடு செய்யக்கூடிய வேறு வேலைகளைச் சேர்ப்பது நல்லது. விடுமுறையில் போகும்போது வீட்டில் இரவு தங்குதல், பூனைக்குச் சாப்பாடு வைத்து மணல் தட்டைச் சுத்தம் செய்தல், வயதான நாய்க்கு நேரத்துக்கு மருந்து கொடுத்தல் ஆகியவை அப்படி. நத்தார், மார்ச் பாடசாலை விடுமுறை, கோடை ஆகிய காலங்களில் வேலை நெருக்கும். எமது பெருநாள்கள் வேறு நாட்களில் வருவது இங்கே எமக்கு ஒரு வசதி.

இன்னொருவரைச் சேர்க்கும் நிலை வந்தால், "சொந்தக்காரப் பெடியன்தானே, கையில் காசு கொடுப்போம்" என்று இருக்கவேண்டாம். ஊழியராகச் சேர்த்தால் சம்பளக் கழிவுகளைக் கட்டும் கடமை உங்களுடையது. வாடிக்கையாளரிடம் அவரை நேரில் அறிமுகப்படுத்தாமல் திறப்பைக் கைமாற்றவே கூடாது. அவர்கள் நம்பியது உங்களை.

வரி விடயம் சுருக்கமாக. உங்கள் சொந்தப் பெயரில் அல்லாமல் ஒரு தொழிற்பெயரில் செய்தால் அதை ஒன்ராறியோவில் பதிய வேண்டும். கட்டணம் 60 டொலர், 5 வருடத்துக்குச் செல்லும். வருமானத்தையும் செலவையும் ரி2125 என்ற படிவத்தில் காட்ட வேண்டும். சுயதொழில் செய்பவர் வரிப்பத்திரம் அனுப்பக் கடைசி நாள் ஜூன் 15 ஆனாலும், கட்ட வேண்டிய பணத்தை ஏப்ரல் 30 க்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும். கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு ஊழியரின் பங்கு, முதலாளியின் பங்கு இரண்டையும் நீங்களே கட்ட வேண்டும். தொடர்ந்து வரும் நாலு காலாண்டுகளில் மொத்த வரவு 30,000 டொலரைத் தாண்டினால், அதாவது சராசரியாக மாதம் 2,500 டொலருக்கு மேல் போனால், எச்.எஸ்.ரி. இலக்கம் எடுத்து 13 வீதம் அறவிட வேண்டும். பற்றுச்சீட்டுகளை 6 வருடம் பத்திரமாக வையுங்கள்.

அகதிக் கோரிக்கையின் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் வேலை அனுமதிப் பத்திரம் கையில் கிடைத்த பிறகே தொடங்குங்கள். அரச உதவிப்பணம் எடுப்பவர்கள் இவ்வருமானத்தை அறிவித்தே ஆகவேண்டும். கைக்காசுதானே, யாருக்குத் தெரியும் என்று சொல்பவர்கள், பிறகு கடிதம் வரும்போது உங்களோடு வந்து நிற்கமாட்டார்கள்.

யாருக்குப் பொருந்தும்?

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு 11 மணி முதல் 2 மணி வரை ஓய்வாக இருக்கும் தாய்மாருக்கும், மாலை வேலைக்குப் போகிறவர்களுக்கும், நடக்கத் தெம்புள்ள இளைப்பாறியவர்களுக்கும் இது நன்கு பொருந்தும். நாயைக் கண்டால் நெஞ்சு படபடப்பவர்கள் காசுக்காக இறங்கவேண்டாம். அந்தப் பயம் வார் வழியே நாய்க்கும் போகும், பயந்த நாய்தான் கடிக்கும். முதலில் காப்பகத்தில் சில மாதம் பழகிப் பாருங்கள், பயம் தெளிந்தால் தொடங்குங்கள். தெளியாவிட்டால் பூனை வீடுகளோடு நில்லுங்கள், அதற்கும் ஆள் தேவைப்படுகிறது.

வீட்டில் ஒருவருக்குச் சம்மதமில்லை என்றால், ஒரு மாதம் ஒரே ஒரு வீட்டை மட்டும் எடுத்து, வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதி மாத முடிவில் அவர் முன்னால் வையுங்கள். வாய்ப்பேச்சை விட அந்தக் கொப்பி நன்றாகப் பேசும்.

ஏற்கெனவே இத்தொழிலில் இருக்கும் வாசகர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம். அடுத்த மாதம் வீட்டில் பிள்ளை பராமரிப்பு நடத்துவதற்கான விதிகளைப் பார்ப்போம்.